மாட்டுக்குப் போன நேந்திரம்

எங்கள் மகளின் கல்யாணத்தை ஒரு ஜல்லிக்கட்டு மாடு தின்றுவிட்டுப் போனது, ஒரு வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. பன்னிரண்டு நேந்திரம்பழம். தோலோடு, காம்போடு, கட்டியிருந்த சணல் கயிற்றோடு தின்றிருக்கிறது. நான் கடையிலிருந்து திரும்பி வந்து பார்த்தபோது வாசலில் கிடந்தது மாட்டின் எச்சில் மட்டும்தான். அது ஒரு சின்னக் கண்மாய் அளவுக்கு இருந்தது.

பழத்துக்கும் கல்யாணத்துக்கும் என்ன தொடர்பு என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஒரே மகள் சுபலட்சுமி கானா நாட்டில், அக்ராவில், சோலார் கம்பெனி ஒன்றில் நான்கு வருடமாக இஞ்சினியர். அங்கே கூட வேலை பார்க்கும் குவேசி என்ற பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். தாய் தகப்பன் இல்லாத பையன். அவனை வளர்த்தது அவன் அம்மாவின் தங்கை, எஃபுவா என்று பெயர். முப்பது வருடம் தெருவோரத்தில் அடுப்பு வைத்து, வாழைப்பழத்தை மசாலாவில் புரட்டி எண்ணெயில் பொரித்து விற்று அவனைப் படிக்கவைத்தவர். அந்தப் பலகாரத்தின் பெயர் கெலெவெலே.

"சின்னம்மா சரின்னு சொன்னாத்தான்ப்பா," என்றாள் சுபா போனில். "அவங்க மாட்டேன்னுட்டா குவேசி ஒரு அடி நகர மாட்டான். எனக்கும் அது நியாயமாத்தான் தெரியுது."

அந்தச் சின்னம்மாவுக்குக் கண்ணில் புரை. மதுரையில் நல்ல வைத்தியம் என்று சுபாவே ஏற்பாடு செய்து அனுப்பினாள். ஆபரேஷன் முடிந்த மறுநாள் நான் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். அங்கேதான் என் நாக்கு வேலையைக் காட்டியது. முப்பத்தாறு வருடம் டெலிபோன் ஆபீஸில் ஊரார் லைனையெல்லாம் சரிசெய்த எனக்கு, என் நாக்குக்குப் போகும் லைனைத் துண்டிக்கத் தெரியவில்லை.

அவர் தன் தொழிலைப் பற்றி இங்கிலீஷில் சொன்னார். நான் உடனே, "கெலெவெலேவா, அது எங்க வீட்டுல வாராவாரம் வியாழக்கிழமை உண்டே. இதுவரைக்கும் நூத்திப்பதினேழு தடவை நானே என் கையால பொரிச்சிருக்கேன்," என்றேன். அதோடு நிறுத்தினேனா. "எங்க சொந்தக்காரங்க அம்புட்டுப் பேருக்கும் இந்தச் சம்பந்தத்துல சந்தோஷம். என் மச்சான் கல்யாண மண்டபமே பிடிச்சாச்சு," என்றும் சொல்லிவைத்தேன்.

ஒரு கண்ணில் கட்டு. கட்டு இல்லாத இன்னொரு கண் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தது.

"நல்லது. வியாழக்கிழமை நாலு மணிக்கு வர்றேன். உங்க கெலெவெலேயைச் சாப்பிட்டுட்டு என் பதிலைச் சொல்றேன்," என்றார். சனிக்கிழமை அவருக்கு விமானம்.

வீட்டுக்கு வந்து சுபாவிடம் செய்முறை கேட்டேன். முதல் விதியே பயங்கரமாக இருந்தது. பழம் கறுக்க வேண்டும். புள்ளி விழுந்தால் போதாது, தோல் முழுக்கக் கரிபோல் கறுக்க வேண்டும், ஆனால் அமுக்கினால் விரல் உள்ளே போகக் கூடாது. நல்ல நேந்திரமாகப் பன்னிரண்டு வாங்கி அரிசி டிரம்முக்குப் பின்னால் சாக்கில் சுற்றி வைத்தேன். ஆறு நாள், ஒரு நாளைக்கு நாற்பது தடவை எடுத்துத் தடவிப் பார்த்தேன். மகளைப் பெற்றபோதுகூட இத்தனை தடவை தொட்டிலை எட்டிப் பார்க்கவில்லை.

"செத்த பழத்த எதுக்குங்க பொத்திப் பொத்தி வச்சிருக்கீக," என்று கேட்டாள் என் மனைவி முருகம்மாள். பக்குவத்துக்கு வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். என்ன பக்குவம் என்று சொல்லவில்லை. அதுதான் நான் செய்த தப்பு. எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் கறுத்த பழத்துக்கு ஒரே வழிதான். அது மாட்டுக்கு.

வியாழக்கிழமை காலையில் இஞ்சியும் கிராம்பும் வாங்க நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அந்த மாடு வந்தது. வந்தது சும்மா ஒரு மாடு என்றால் பரவாயில்லை. அது சோணையின் மாடு. சோணை என் மனைவியின் அண்ணன், சுபாவுக்குத் தாய்மாமன். மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணும் மணவறை ஏறியதில்லை. கல்யாணச் செய்தி தெரிந்த நாளிலிருந்து அவர் எங்களோடு பேசவில்லை. தினமும் காலையில் மாட்டை வைகைக் கரையில் நடக்கவிட்டு, எங்கள் கோச்சடைத் தெரு வழியாகத்தான் திரும்பிப் போவார். நாற்பது நாளாக எங்கள் வீட்டுப் பக்கம் தலையைத் திருப்பாமல் போய்க்கொண்டிருந்தார்.

"பழம் எங்க முருகு?"

"எந்தப் பழம்?"

"சாக்குல இருந்த பழம்."

"அதுவா. அண்ணன் வாசல்ல நின்னாருங்க." அவள் முகத்தில் நாற்பது நாளாக இல்லாத ஒரு வெளிச்சம். "மாட்டப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. வெறுங்கையோட எப்படி முன்னால போயி நிக்கிறது. கறுத்த பழம் கெடந்துச்சு, மாட்டுக்குக் குடுத்தேன். நல்லாத் தின்னுச்சு."

"உள்ள வந்தாரா?"

"வரல. தண்ணி குடிச்சாரு. செம்ப என் கையில குடுக்காம சுவத்து மேல வச்சுட்டுப் போயிட்டாரு. ஆனா நின்னாருல்ல."

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். பிறகுதான் அந்தப் பழம் எதற்கு என்பதையும் ஆஸ்பத்திரியில் அளந்ததையும் சொன்னேன், அளந்ததில் நூற்றிப்பதினேழை மட்டும். மண்டபத்தைச் சொல்லத் தைரியம் வரவில்லை. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"எந்திரிங்க," என்றாள். "நாலு மணிக்கு இன்னும் அஞ்சர மணி நேரம் இருக்கு."

கோச்சடையிலிருந்து ஆரப்பாளையம் வழியாகச் சிம்மக்கல்லுக்கு நாலே நிமிடத்தில் போனேன். ஸ்கூட்டர் சக்கரம் தரையைத் தொட்டது மொத்தம் மூன்றே இடத்தில். அங்கே நூருல் அமீன் பாயின் வாழைப்பழ மண்டி. இருபது வருடப் பழக்கம்.

"பாய், கறுத்த நேந்திரம் வேணும். பன்னெண்டு."

"மாட்டுக்கா அண்ணே?"

"மனுசருக்கு."

"எந்த மனுசருக்கு?"

"விருந்தாளிக்கு. சம்பந்தியம்மா வாராங்க."

நூருல் அமீன் தராசிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அண்ணே, எங்க அத்தா காலத்துலருந்து இந்தக் கடையில விருந்துன்னு கேட்டு வந்தா தார்லயே நல்லதா மொதச் சீப்புத்தான் குடுத்திருக்கோம். அழுகல் பழத்தைக் குடுத்து அனுப்பி, நாளைக்கு அந்தம்மா ஊர்ல போயி, மதுரை நூருல் அமீன் கடைப் பழம்னு சொன்னா எம் மூஞ்சிய எங்க வைக்கிறது?"

"அவுக ஆப்பிரிக்கா பாய். அங்கருந்து உங்க கடையைத் தேடி யாரு வரப்போறா?"

"உங்களத் தேடி வரலையா?"

மணி பதினொன்று. கடையில் தொங்கியதெல்லாம் மஞ்சள், பச்சை. பளபளப்பாகக் கல்யாணத்துக்குக் கிளம்பியது மாதிரி நின்றன. ஒன்றுகூட உதவாது. சந்தில் இருந்த அத்தனை கடைகளிலும் ஏறி இறங்கிக் கேட்டுப் பார்த்தேன். கறுத்தது என்றதும் எல்லோரும் ஒரே இடத்தைக் கை காட்டினார்கள். மண்டியின் பின்பக்கம் கழித்த பழம் குவித்திருக்கும், மதியம் ஒரு மாட்டுப் பண்ணைக்காரர் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும்.

நான் ஓடிப்போனபோது அந்த லோடு ஆட்டோ பாதி நிரம்பியிருந்தது. டிரைவர் ஸ்டார்ட் பண்ணிவிட்டார். நான் ஏறிக் குதித்தேன். அறுபத்து நான்கு வயதில் மனிதன் எவ்வளவு உயரம் குதிக்க முடியும் என்று மருத்துவப் புத்தகங்களில் எழுதியிருப்பது தப்பு. இடுப்பளவு பழக்கூழில் நின்று இரண்டு கையாலும் துழாவினேன். எடுத்ததெல்லாம் கைக்குள்ளேயே கரைந்தது. ஈ மொய்த்தது. டிரைவர், "இறங்குய்யா பெருசு, பண்ணையில திட்டுவாங்க," என்று ஹாரன் அடித்தார்.

நூருல் அமீனால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. தன் வாடிக்கையாளர் தன் கழிவு வண்டியில் நின்று துழாவுவது அழுகல் விற்பதைவிட அவருக்குப் பெரிய அவமானமாகப் பட்டிருக்க வேண்டும். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியருகே வந்தார்.

"இறங்குங்க அண்ணே. பெருவிரல் வச்சுப் பாக்கணும். கண்ணால பாக்கக் கூடாது."

கறுத்த குவியலுக்குள் அவருடைய பெருவிரல் கண்ணிருப்பதுபோல் போய்வந்தது. பத்து நிமிடத்தில் ஒன்பது பழம். கன்னங்கரேல் என்று, உள்ளே கெட்டியாக.

"எவ்வளவு பாய்?"

"மாட்டுப் பழத்துக்கு நான் தராசு பிடிக்கிறதில்ல. கடை பேர மட்டும் அந்தம்மாட்ட சொல்லிராதீக."

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்றரை. இஞ்சி, காய்ந்த மிளகாய், கிராம்பு, சோம்பு, சின்ன வெங்காயம், உப்பு எல்லாவற்றையும் முருகம்மாள் அரைத்துக் கொடுத்தாள். நான் பழத்தை உரித்துச் சாய்வாக வெட்டி, மசாலாவில் புரட்டி ஊறவைத்தேன்.

"இனிச்ச பழத்துல மொளகா. இதத் திங்கவா அம்புட்டுத் தூரத்துலருந்து வாராக," என்றாள்.

இரண்டே முக்காலுக்குச் சட்டியை வைத்தேன். கடலை எண்ணெய். பஜ்ஜிக்குக் காய்வதுபோல் புகையக் காயவிட்டு முதல் மூன்று பழத்தின் துண்டுகளைப் போட்டேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. கறுப்பு. பழுத்த பழத்தின் சர்க்கரை கருகிக் கிளம்பிய புகைக்குத் தீயணைப்பு வண்டி வராதது ஆச்சரியம். எடுத்துக் கடித்தால் கரித்துண்டு.

இரண்டாவது தடவை தீயை இறக்கினேன். எண்ணெய் ஆறிக் கிடந்தது. துண்டுகள் சாவகாசமாக எண்ணெயைக் குடித்து, ஊதி, ஒன்றோடொன்று ஒட்டி அல்வாவாகிவிட்டன. கரண்டியால் தூக்கினால் சொட்டியது.

மூன்று பழம் மிச்சம். மணி மூன்று முப்பத்தைந்து. வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

எஃபுவா முன்கூட்டியே வந்துவிட்டார். நீலப் பூப்போட்ட நீண்ட அங்கி, தலையில் அதே துணியில் கட்டு, தோளில் ஒரு துணிப்பை. கண்ணுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த பெரிய கறுப்புக் கண்ணாடி. அதற்குப் பின்னால் அவர் சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று கண்டுபிடிக்கவே முடியாது. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய மூக்கு மட்டும் மெல்ல அசைந்தது. வீடு முழுக்கக் கருகல் வாடை.

"சமையல் நடக்குது போல," என்றார். அவர் பேசுவது இங்கிலீஷ். முருகம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் நான்தான்.

"கடைசி ஈடு," என்றேன்.

அடுப்படிக்குள் வந்து தீயை மறுபடி கூட்டப் போனேன். முருகம்மாள் என் கையிலிருந்து கரண்டியை வாங்கினாள்.

"தள்ளுங்க. இது பஜ்ஜி இல்ல. அதிரசம்."

"என்னது?"

"சக்கர உள்ள இருக்குல்ல. அதிரசத்துக்கு வைக்கிற தீதான் வைக்கணும். இம்புட்டு நேரம் பாத்துட்டு நின்னேன், நீங்களாக் கண்டுபிடிப்பீகன்னு."

எண்ணெயில் ஒரு துண்டைப் போட்டாள். அது அடியில் போய், யோசித்து, மெல்ல மேலே வந்தது. தீயை ஒரு மயிரிழை கூட்டினாள். மிச்சத்தை ஒவ்வொன்றாக, ஒட்டாமல் போட்டாள். பொன்னிறம் தாண்டி, செம்மண் நிறம் தாண்டி, ஓரம் மட்டும் கறுத்து மொறுமொறுத்த அந்த நொடியில் வாரி எடுத்தாள். வறுத்த கடலையை மேலே தூவித் தட்டில் வைத்தாள்.

எஃபுவா ஒரு துண்டை எடுத்தார். முதலில் விரலால் அமுக்கினார். முகர்ந்தார். வாயில் போட்டு மெதுவாக மென்றார். மின்விசிறி சுற்றும் சத்தம் ஏரோப்பிளேன் மாதிரி கேட்டது. இரண்டாவது துண்டு. மூன்றாவது.

"இதை எத்தனை தடவை செஞ்சிருக்கேன்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.

"ஹண்ட்ரட் அண்ட்..." என்று ஆரம்பித்தேன். முருகம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியாதுதான். ஆனால் ஹண்ட்ரட் தெரியாதவர் மதுரையில் யார்.

"என்ன கேக்குறாக? என்னத்துக்கு ஹண்ட்ரட்டுங்கிறீக?"

"எத்தன தடவ செஞ்சிருக்கோம்னு கேக்குறாக."

முருகம்மாள் எஃபுவாவின் முகத்துக்கு நேரே ஒரே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். பிறகு அடுப்படிக்குப் போய், கருகிய தட்டையும் அல்வாவான தட்டையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, மறுபடி அதே விரலைக் காட்டினாள்.

கறுப்புக் கண்ணாடி அந்த மூன்று தட்டுகளையும் வரிசையாகப் பார்த்தது. பிறகு முருகம்மாள் பக்கம் திரும்பியது.

"உங்க அண்ணன் கல்யாண மண்டபம் பிடிச்சுட்டார்னு உங்க வீட்டுக்காரர் சொன்னார். அது உண்மையா? உங்ககிட்டதான் கேக்குறேன்."

மண்டபக் கதை முருகம்மாளுக்குத் தெரியாது. இதை நான் தமிழில் சொல்லியே ஆக வேண்டும். அவள் சொல்லும் பதிலை இங்கிலீஷில் திருப்பியும் சொல்ல வேண்டும். பாதி வழியில் எதை வேண்டுமானாலும் மாற்றிவிடலாம். நாடு முழுக்க எத்தனை டிரங்க் காலை இணைத்திருப்பேன், ஒரு காலை மாற்றிக் கொடுக்க முடியாதா. மகளுடைய வாழ்க்கை என் நாக்கு நுனியில் உட்கார்ந்திருந்தது.

கேள்வியை அப்படியே சொன்னேன். முருகம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையின் முழு விளைவும் எனக்கு இன்றுவரை வந்துகொண்டிருக்கிறது.

"நான் சொல்றத அப்படியே சொல்லணும்," என்றாள். "கூட ஒரு சொல்லுச் சேத்தீகன்னா இந்த எண்ணெய்ச் சட்டி உங்க தலையில."

"சொல்லு."

"எங்கண்ணன் வரமாட்டாரு. இன்னிக்குக் காலையில வாசல்ல நின்னாரு, தண்ணி வாங்கிக் குடிச்சாரு, வீட்டுக்குள்ள காலு வைக்கல. அவரு வரலைன்னா அவரு பின்னாடி எங்க சனம் பாதி வராது. எனக்கும் மொதல்ல பிடிக்கல. ஒத்தப் புள்ளைய அம்புட்டுத் தூரத்துல குடுக்க எவளுக்குப் பிடிக்கும். அந்தப் பையனப் போன்லதான் பாத்திருக்கேன். போன் போட்டா, 'அம்மா, சாப்பிட்டீங்களா'ங்கிறான். அவனுக்குத் தெரிஞ்ச தமிழே அம்புட்டுத்தான். எனக்கு அவனப் பத்தித் தெரிஞ்சதும் அம்புட்டுத்தான்."

நான் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. வாழ்நாளில் அவ்வளவு கனமான வேலை செய்ததில்லை. 'வரமாட்டார்' என்று சொன்னபோது எஃபுவாவின் வாய் அசைவதை நிறுத்தியது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு கண் செக்கச்செவேல் என்று நீர் வடிந்துகொண்டிருந்தது. ஆபரேஷன் கண். இன்னொரு கண்ணிலும் வடிந்தது.

"இஞ்சி பத்தாது," என்றார். "தீ சரியா இருந்தது."

பிறகு துணிப்பையைத் திறந்து ஒரு பச்சை நிறப் பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஜின் மாதிரி ஒரு சரக்கு. எங்கள் வீட்டு வாசற்படியை அதுவரை ஒரு பாட்டிலும் தாண்டியதில்லை. நான் தெருவிலேயே முடித்துவிட்டு வருகிறவன்.

அவர் சொன்னதை நான் முருகம்மாளுக்குச் சொன்னேன். அவர்கள் ஊரில் பெண் கேட்டுப் போகும்போது மாப்பிள்ளை வீட்டார் இந்தப் பாட்டிலைக் கொண்டுபோய் வைப்பார்களாம். அதைக் கொண்டுபோக வேண்டியது பையனுடைய தாய்மாமன். "எங்க அண்ணன்தான் அவனுக்கு மாமன்," என்றார் எஃபுவா. "வரமாட்டேன்னுட்டார். பேர் தெரியாத ஊர்ல போய் நான் ஏன் பெண் கேக்கணும்னார். குவேசிகிட்ட நான் அதைச் சொல்லலை. மாமாவுக்குச் சந்தோஷம்னு சொல்லிவச்சிருக்கேன். நானே பாட்டிலை எடுத்துக்கிட்டு வந்துட்டேன். பொண்ணு வீட்டுல இதை வாங்கிக்கிட்டா சம்மதம்னு அர்த்தம். வாங்கலைன்னா நான் திருப்பிக் கொண்டுபோகணும்."

ஆறு நாளாக அவர் பதிலுக்குப் பயந்துகொண்டிருந்தேன். கடைசியில் பதில் சொல்ல வேண்டியது நாங்களாக இருந்தது.

நான் கையை நீட்டத்தான் போனேன். எஃபுவா என்னைப் பார்க்கவே இல்லை. பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்தபடி முருகம்மாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முருகம்மாள் எழுந்து வாசலுக்குப் போனாள். சுவர் மேல் காலையில் சோணை வைத்துவிட்டுப் போன செம்பு இன்னும் அங்கேயே இருந்தது. அதை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். தெருவில் ஒரு ஷேர் ஆட்டோ போனது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போனார்கள். மாடு எதுவும் வரவில்லை. எவ்வளவு நேரம் நின்றாள் என்று கேட்டால் நான் மூன்று வருடம் என்பேன். கடிகாரம் ஆறு நிமிடம் என்றது.

திரும்பி வந்தவள் எங்களைத் தாண்டி உள்ளே போனாள். பரணிலிருந்து எதையோ இழுக்கும் சத்தம், புளி போட்டுத் தேய்க்கும் சத்தம், தண்ணீர் ஊற்றும் சத்தம். எஃபுவா என்னைப் பார்த்து, என்ன நடக்கிறது என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அதுவும் உண்மைதான்.

முருகம்மாள் ஈரப் பித்தளைத் தாம்பாளத்தோடு வந்தாள். அதில் வெற்றிலை, பாக்கு, இரண்டு விரலி மஞ்சள். எஃபுவாவுக்கு முன்னால் நின்று தாம்பாளத்தை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"இதுல வைக்கச் சொல்லுங்க," என்றாள் என்னிடம்.

எஃபுவாவுக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. பாட்டிலை வெற்றிலை மேல் வைத்தார். தாம்பாளம் ஒரு பக்கம் சாய, எஃபுவா அந்தப் பக்க விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நான் ஓடிப்போய்க் கை கொடுத்தேன்.

"நீங்க விடுங்க," என்றாள் முருகம்மாள். "நாங்க பிடிச்சிருக்கோம்."